போனில் இருக்கும் தேவாரம் பிள்ளைகள் வாய்க்கு வருவது எப்படி?

போன இதழில், தேவாரம் முதலான சைவப் பாடல்களின் தொகுப்பான பன்னிரு திருமுறையும் இப்போது உரையோடு இலவசமாக இணையத்தில் கிடைக்கிறது என்று ஒரே ஒரு வரி எழுதியிருந்தேன். அந்த ஒரு வரிக்கு வந்த கேள்விகளே இந்த மாதப் பக்கத்தை நிரப்பிவிட்டன. பள்ளி விடுமுறை வரப்போகிறது, கோயில் மண்டபங்களில் பாய் விரிக்கப் போகிறோம், அதனால் வேறு கேள்விகளை அடுத்த மாதத்துக்குத் தள்ளிவிட்டு இவற்றை மட்டும் எடுத்துக்கொள்கிறேன்.

எங்கள் கோயில் விடுமுறை வகுப்பில் 35 பிள்ளைகள். நிர்வாகத்தில் உள்ள பெரியவர்கள் வகுப்புக்குள் போனே வரக்கூடாது என்கிறார்கள். கூடப் படிப்பிக்கும் இளையவர்கள் புத்தகமே வேண்டாம், எல்லாம் போனில் இருக்கிறது என்கிறார்கள். நடுவில் நான். என்ன செய்வது சயாமா (ஆசிரியை)?
– வாசகி, பெகு

தங்கச்சி, பெரியவர்கள் எதற்குப் பயப்படுகிறார்கள் என்று எனக்குத் தெரியும், நானே அதைக் கண்ணால் பார்த்தவள். ஒரு வருடம் பிள்ளைகள் கையில் ஆளுக்கொரு போன் கொடுத்து (அப்பா போன், அண்ணன் போன், வீட்டில் சும்மா கிடந்த பழைய போன் என்று எப்படியோ சேர்த்தோம்) சிவபுராணத்தைத் திறந்து வைத்துப் படிக்கச் சொன்னேன். மொத்தம் 95 அடி. பத்தாவது அடி தாண்டுவதற்குள் பின்வரிசையில் இரண்டு பையன்கள் விளையாட்டு வீடியோவுக்குப் போய்விட்டார்கள், முன்வரிசையில் ஒரு பெண் அம்மாவிடமிருந்து வந்த செய்திக்குப் பதில் அடித்துக்கொண்டிருந்தாள். மிச்சப் பேர் படித்தார்கள்தான், ஆனால் விரல் திரையைத் தள்ளுகிற வேகத்துக்கு வாய் போகவில்லை. அன்று வகுப்பு முடிந்தபோது ஒரு பிள்ளைக்கும் நாலு அடி மனப்பாடம் ஆகவில்லை. அடுத்த வாரம் அதே பாட்டைக் கரும்பலகையில் நாலு நாலு அடியாக எழுதிப் போட்டேன், பிள்ளைகள் நோட்டில் எழுதினார்கள், நான் சொல்ல அவர்கள் சொன்னார்கள், வீட்டுக்குப் போகும்போது படியிறங்கிக்கொண்டே "நமச்சிவாய வாழ்க நாதன்தாள் வாழ்க" என்று சத்தமாகச் சொல்லிக்கொண்டு போனார்கள்.

அதற்காகப் போனே வேண்டாம் என்று சொல்ல எனக்கு மனம் வராது. 1965இல் தனியார் பள்ளிகளை அரசு எடுத்துக்கொண்ட பிறகு இந்தப் பர்மா நாட்டில் தமிழ் தங்கிய இடம் கோயில் மண்டபமும் வீட்டுத் திண்ணையும்தான். எங்கள் மண்டபத்தில் இருந்தது ஒரே ஒரு திருமுறைத் திரட்டு. அட்டை போய், முன் பக்கங்கள் போய், நூல் பிரிந்து கிடந்தது. அதிலிருந்து எங்களுக்குச் சொல்லிக் கொடுத்தவர் எழுதிப் போட, நாங்கள் நோட்டில் எழுதி, அந்த நோட்டுகளிலிருந்து அடுத்த ஊர் வகுப்பு எழுதிக்கொண்டது. ஒருவர் விட்ட எழுத்தை அடுத்தவரும் விட்டார். இன்னொரு புத்தகம் வேண்டுமென்றால் மெட்ராஸிலிருந்து யாராவது பெட்டியில் வைத்துக் கொண்டுவர வேண்டும். அப்படிப்பட்ட பஞ்சத்தில் படித்த எனக்கு, உரையும், பண் என்கிற பாட்டுக்குரிய இசையும், கோயிலில் தேவாரம் பாடும் ஓதுவார் குரலும் ஒரு விரல் தொடும் தூரத்தில் கிடைக்கிறது என்றால் அதை எப்படி வேண்டாமென்பேன்?

நான் இப்போது செய்வது இது. போன் ஆசிரியரிடம் ஒன்று மட்டும். அதுவும் பெரும்பாலும் வகுப்புக்கு முந்தைய ராத்திரிக்குத்தான் அதிக வேலை: பாடத்தைச் சரிபார்க்க, அருஞ்சொல்லுக்குப் பொருள் தேட, இசையைக் கேட்டுப் பழக. வகுப்பில் அதை எடுப்பது வழக்கமாக இரண்டு தடவை. முதலில் ஓதுவார் பாடுவதைக் கேட்க, கடைசியில் அந்தப் பாட்டுக்குரிய தலத்தின் படத்தைக் காட்ட. நடுவில் உள்ள நேரம் பிள்ளைகளின் வாய்க்கும் காதுக்கும் கைக்கும் உரியது. இப்படிச் சொன்னால் பெரியவர்களும் ஒத்துக்கொள்வார்கள் என்றே நினைக்கிறேன், எங்கள் ஊரில் ஒத்துக்கொண்டார்கள்.

இணையத்தில் தேடினால் ஒரே பாட்டு பத்து இடத்தில் பத்து விதமாக வருகிறது. எதை நம்புவது?
– ஆசிரியர், மோல்மீன்

ரொம்ப அவசியமான கேள்வி. பாட்டு வரி மட்டும் போட்டு, யார் போட்டார்கள், எந்தப் பதிப்பைப் பார்த்துப் போட்டார்கள் என்று சொல்லாத பக்கத்தை வகுப்புக்கு எடுத்துக்கொண்டு போகாதீர்கள். நான் முதலில் போவது தேவாரம் டாட் ஆர்க். சைவ மடமான தருமபுர ஆதீனத்தின் பொழிப்புரையும் குறிப்புரையும் பாட்டுக்குக் கீழேயே இருக்கும், தருமபுரம் சுவாமிநாதன் ஐயா பாடிய ஒலிப்பதிவும் கேட்கலாம். இரண்டாவது, தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் நூலகம். 2001இல் தமிழ் இணையப் பல்கலைக்கழகமாகத் தமிழ்நாடு அரசு தொடங்கியது, வெளிநாட்டுப் பிள்ளைகளுக்கான மழலைப் பாடங்களும் அதில் உண்டு. மூன்றாவது மதுரைத் திட்டம். 1998 பொங்கலன்று தொடங்கி, உலகம் முழுக்க உள்ள தன்னார்வலர்கள் தட்டச்சு செய்தும் மெய்ப்புப் பார்த்தும் ஏற்றியவை. யார் தட்டினார், யார் பிழை பார்த்தார் என்று ஒவ்வொரு நூலின் தலைப்பக்கத்திலும் பெயர் இருக்கும், அதனாலேயே எனக்கு அதன்மேல் மரியாதை. ஆறுமுக நாவலரின் சைவ வினாவிடை, பாலபாடம் மாதிரிப் பழைய பள்ளிப் புத்தகங்கள் வேண்டுமென்றால் ஈழத்தவர்கள் 2005இல் தொடங்கிய நூலகம் தளத்தில் தேடுங்கள். ஆங்கிலம் தெரிந்த ஆசிரியர்களுக்குப் புதுச்சேரி பிரெஞ்சு நிறுவனம் 2007இல் கொண்டுவந்த கணினித் தேவாரமும் உதவும், தலங்களின் வரைபடத்தோடு இருக்கிறது.

ஒரு பாட்டை இந்த இடங்களில் குறைந்தது இரண்டிலாவது வைத்துப் பாருங்கள். எதற்குச் சொல்கிறேன் என்றால், "மாசில் வீணையும் மாலை மதியமும்" நம் ஊர் வகுப்புகளில் எல்லோரும் சொல்லிக் கொடுக்கும் பாட்டு, ஐந்தாம் திருமுறை, 90ஆம் பதிகம். எங்களுக்கு யாரோ அனுப்பிய தாளில் கடைசி அடி "ஈசன் எந்தை இணையடி நிழலே" என்று இருந்தது. பிள்ளைகள் பாடும்போது அந்த இடத்தில் மட்டும் தாளம் இடறிக்கொண்டே இருந்தது. நானும் பாடுகிறவர்கள் மேல் தப்பு என்று நினைத்து நாலு தடவை பாட வைத்தேன். அன்று ராத்திரி இவற்றில் இரண்டு தளத்தில் பார்த்தேன், இரண்டிலும் "நீழலே" என்று நெடிலாக இருக்கிறது! பொருள் ஒன்றுதான், ஆனால் அந்த ஒரு மாத்திரை போனால் பாட்டு நொண்டுகிறது. பிள்ளைகளின் காது சரியாகச் சொன்னது, தாள்தான் தப்பு.

அதே பாட்டில் இன்னொன்று. "மூசு வண்டறை பொய்கையும் போன்றதே" என்ற அடிக்கு ஒரு பையன், ஒன்பது வயது இருக்கும், "வண்டுக்கு ரூமா சயாமா?" என்று கேட்டான். அறை என்றால் அவனுக்குத் தெரிந்தது அதுதானே. சிரித்த பிள்ளைகளை அமைதியாக்கிவிட்டு அங்கேயே சென்னைப் பல்கலைக்கழகப் பேரகராதியைத் திறந்தேன். 1924 முதல் 1936 வரை ஆறு பெரிய தொகுதிகளாக வந்தது, அப்புறம் ஓர் இணைப்பும் வந்தது. இப்போது சிக்காகோ பல்கலைக்கழகம் அதை யாரும் சொல் போட்டுத் தேடும்படி இணையத்தில் வைத்திருக்கிறது. அறைதல் என்றால் ஒலித்தல் என்ற பொருள் அங்கே இருந்தது. மூசுதல் என்றால் மொய்த்தல். வண்டுகள் மொய்த்து ரீங்காரம் இடுகிற குளம். பையன் முகத்தில் வெளிச்சம் வந்தது. அதோடு விடவில்லை, இந்தப் பாட்டை அப்பர் எங்கே உட்கார்ந்து பாடினார் தெரியுமா என்று கேட்டேன். பல்லவ மன்னன் ஆணைப்படி அவரைச் சுண்ணாம்புக் காளவாயில் அடைத்தார்கள், ஏழு நாள் என்று பெரியபுராணம் சொல்கிறது. அந்தக் காளவாய்க்குப் பெயர் நீற்றறை. அதிலுள்ள அறை அவன் கேட்ட அதே ரூம்தான். கொதிக்கிற அறைக்குள் உட்கார்ந்துகொண்டு, வண்டு அறைகிற குளத்தங்கரையில் இருப்பது மாதிரி இருக்கிறது என்று பாடியிருக்கிறார். மண்டபம் கொஞ்ச நேரம் சத்தமில்லாமல் இருந்தது. அந்தப் பையன் இந்தப் பாட்டை இனி மறக்க மாட்டான்.

இந்த மாதிரி நேரத்துக்குத்தான் போன். ஒரு பிள்ளை கேட்ட கேள்விக்கு எல்லோர் கண்ணெதிரிலும் தேடிப் பார்த்து, தெரியாததை எப்படித் தெரிந்துகொள்வது என்று காட்டுவதற்கு.

எங்கள் பிள்ளைகளுக்குத் தமிழ் எழுத்து வராது. பர்மிய எழுத்திலேயே தேவாரம் கிடைக்கிறது என்கிறார்கள். அதை அச்செடுத்துக் கொடுத்துவிட்டால் என்ன? எழுத்து படிப்பிக்கும் நேரம் மிச்சம் ஆகுமே.
– வாசகர், தட்டோன்

கிடைக்கிறது ஐயா, உண்மைதான். நான் மேலே சொன்ன தேவாரம் தளத்திலேயே பர்மிய எழுத்து உட்படப் பல எழுத்துகளில் பாட்டை வைத்திருக்கிறார்கள். தமிழ் எழுத்தே தெரியாத ஒரு பெரியவர், வயதான காலத்தில் கோயிலில் கூடச் சேர்ந்து பாட ஆசைப்படுகிறவர், அவருக்கு அது பெரிய கொடை. கொடுங்கள், நானும் கொடுத்திருக்கிறேன்.

ஆனால் பிள்ளைகளுக்கு அதை மட்டும் கொடுத்தால் என்ன ஆகும் என்று ஒரு தடவை சோதித்துப் பாருங்கள். நாம் ஆசிரியரை சயா என்றும் சயாமா என்றும் கூப்பிடுகிறோமே, அந்தச் சொல்லைப் பர்மிய எழுத்தில் கூட்டிப் பாருங்கள், அங்கே எழுதியிருப்பது ர எழுத்து. வாசிப்பது ய. வெள்ளைக்காரன் ரங்கூன் என்று எழுதியதும் இப்போது யாங்கூன் என்று சொல்வதும் அந்த ஒரே எழுத்தால்தான். பர்மியப் பள்ளியில் படிக்கிற பிள்ளை அந்த எழுத்தைக் கண்டதும் ய என்று சொல்லத்தான் பழகியிருக்கிறது. நான் கொடுத்த தாளில் சிவபுராணம் என்று எழுதியிருந்ததை ஒரு பெண் குழந்தை "சிவபுயாணம்" என்று வாசித்தாள், அவள்மேல் ஒரு தப்பும் இல்லை. ழ, ள, ல மூன்றும் ஒன்றாகிவிடும். ற போயே போய்விடும். சொல்லின் கடைசியில் வரும் ம், ன், ங் எல்லாம் மூக்கொலியாக ஒன்றுபோல் கரைந்துவிடும். "நாதன்தாள்" என்றால் ன்னும் ள்ளும் ஒழுங்காக வாயில் விழ வேண்டும், அங்கே இரண்டும் காணாமல் போகும்.

வழி இல்லாமல் இல்லை. பழைய நாளில் தமிழ் முஸ்லிம்கள் தமிழை அரபு எழுத்தில் எழுதினார்கள், அரபுத் தமிழ் என்று பெயர். அவர்கள் அரபியில் இல்லாத தமிழ் ஒலிகளுக்கு எழுத்தின் மேலும் கீழும் கூடுதல் புள்ளி வைத்துப் புது எழுத்தே உண்டாக்கிக்கொண்டார்கள். நாமும் பர்மியத் தாளில் ர, ழ, ற வரும் இடத்தில் சிவப்புப் பேனாவால் அந்தத் தமிழ் எழுத்தையே நடுவில் எழுதிவிடலாம். நான் அப்படித்தான் செய்கிறேன். முதல் மாதம் மூன்று எழுத்து சிவப்பாக இருக்கும். அடுத்த மாதம் ள, ண சேரும். அப்புறம் உயிரெழுத்துகள். பிள்ளைக்குத் தெரியாமலே பர்மிய எழுத்து குறைந்து தமிழ் எழுத்து கூடிக்கொண்டு வரும். ஒரு விடுமுறையில் முடியாது, இரண்டு விடுமுறை பிடிக்கும். எழுத்து படிப்பிக்கும் நேரத்தை மிச்சம் பிடிக்காதீர்கள் ஐயா, கெஞ்சிக் கேட்டுக்கொள்கிறேன். எழுத்து தெரிந்த பிள்ளை நாளைக்கு நாம் இல்லாதபோதும் அந்தத் தளத்தைத் தானே திறந்து படிக்கும். தெரியாத பிள்ளைக்கு இணையத்தில் ஆயிரம் நூல் இருந்தும் ஒன்றும் இல்லை.

பழைய சிடி ஒன்றில் நிறையச் சமய நூல்கள் வைத்திருக்கிறேன். இப்போது திறந்தால் ஏதோ கட்டம் கட்டமாகவும் வெள்ளைக்கார எழுத்தாகவும் வருகிறது. கெட்டுப்போய்விட்டதா?
– வாசகர், யாங்கூன்

கெடவில்லை, கவலை வேண்டாம். ஸோஜி எழுத்துருவில் எழுதிய பர்மியம் யூனிகோட் போனில் குழம்பித் தெரியும், நம் எல்லோருக்கும் பழக்கமான தொல்லைதானே. 2019 அக்டோபரில் நாடே யூனிகோடுக்கு மாறியபோது பட்ட பாடு நினைவிருக்கும். தமிழில் அதே கதை இன்னும் முன்னாலேயே நடந்தது. பாமினி, டாப், டிஸ்கி என்று ஆளுக்கொரு முறையில் அடித்து வைத்தார்கள். மதுரைத் திட்டத்தின் தொடக்கக்கால நூல்களே டிஸ்கியில் இருந்து அப்புறம் யூனிகோடுக்கு மாறியவைதான். எழுத்துரு மாற்றி என்று தேடினால் இலவசமாகக் கிடைக்கும், பழைய எழுத்தை ஒட்டினால் யூனிகோடாக மாற்றித் தரும். மாற்றிய பிறகு ஒரு தடவை முழுக்கப் படியுங்கள். ர எழுத்தும் துணைக்காலும் பார்க்க ஒன்றுபோல் இருப்பதால் அங்கேதான் பிழை நிறைய ஒளிந்துகொள்ளும்.

மின்சாரம் எப்போது வரும் எப்போது போகும் என்று தெரியாத ஊரில் இருந்துகொண்டு இணையத்தில் படிப்பியுங்கள் என்றால் எப்படி? டேட்டா விலையும் தெரியும்தானே.
– ஆசிரியை, சிரியம்

தெரியும் அம்மா, நானும் அதே மின்வெட்டில்தான் இருக்கிறேன். வகுப்பு நேரத்தில் இணையத்தை நம்பவே நம்பாதீர்கள். எல்லாவற்றையும் முன்னாலேயே இறக்கி வைத்துக்கொள்ள வேண்டும், அதுவும் வைஃபை உள்ள இடத்துக்கு மாதம் ஒரு தடவை போய். ஒன்றைக் கவனியுங்கள், புத்தகத்தைப் படம் பிடித்துப் போட்ட பிடிஎஃப் ஒன்று சில சமயம் 50, 60 எம்பி வந்துவிடும். தட்டச்சு செய்த இபப் என்ற மின்னூல் கோப்பு அதே நூலுக்கு ஒன்றிரண்டு எம்பிகூட ஆகாது. இபப்பில் எழுத்தைப் பெரிதாக்கிக்கொள்ளலாம், என்னைப் போல் கண்ணாடி போட்டவர்களுக்கு நிம்மதி. ஃப்ரீ தமிழ் ஈபுக்ஸ் தளத்தில் எல்லா நூலும் இந்த வடிவில் கிடைக்கும், ஆனால் அங்கே சமய நூல் கொஞ்சம்தான், கதை கட்டுரைதான் நிறைய. தமிழ் விக்கிப்பீடியா முழுவதையும் கிவிக்ஸ் என்ற செயலியில் ஒரே கோப்பாக இறக்கிக்கொண்டால் அப்புறம் இணையமே தேவையில்லை. தலங்கள், நாயன்மார்கள், ஊர்கள் பற்றிக் கட்டுரை எல்லாம் அதில் இருக்கும். யார் வேண்டுமானாலும் திருத்தக்கூடிய இடம் என்பதால் பாட்டு வரிக்கு மட்டும் அதை நம்ப வேண்டாம்.

ஒருவர் இறக்கினால் போதும், மற்றவர்களுக்கு ஸாப்யா செயலியில் தள்ளிவிடுங்கள். நம் பிள்ளைகள் படமும் பாட்டும் டேட்டா இல்லாமல் கைமாற்றிக்கொள்ளும் அதே வழி. ஒரு மெமரி கார்டில் எல்லாவற்றையும் போட்டுக் கோயில் அலுவலக அலமாரியில் பூட்டி வையுங்கள், பக்கத்தில் ஒரு தாளில் அதற்குள் என்னென்ன இருக்கிறது என்று கையால் எழுதி. வகுப்புக்கு வேண்டிய பாட்டை மட்டும் நகல் கடையில் ஒரு பக்கம் எடுத்துவிட்டால் விளக்கு போனாலும் ஜன்னல் ஓரம் உட்கார்ந்து படிக்கலாம்.

ஞாயிறு பள்ளியில் தமிழ் வேதாகமம் படிப்பிக்கிறேன். பழைய மொழிபெயர்ப்பு பிள்ளைகளுக்குக் கடினமாக இருக்கிறது. செயலிகள் உதவுமா?
– வாசகி, யாங்கூன்

நன்றாகவே உதவும். தமிழில் அச்சான வேதாகமத்துக்கு 300 வருட வயது, சீகன்பால்குவின் புதிய ஏற்பாடு தரங்கம்பாடியில் 1715இல் முடிந்தது. அதற்குப் பின் எத்தனையோ திருத்தம், எத்தனையோ மொழிபெயர்ப்பு. பழைய நடையில் ஒன்று, எளிய நடையில் ஒன்று என்று இரண்டையும் செயலியில் இறக்கிக்கொள்ளுங்கள், வசனத்துக்கு வசனம் பக்கத்தில் வைத்துப் பார்க்கலாம். மூன்றாவதாக ஜட்சன் மொழிபெயர்த்த பர்மிய வேதாகமத்தையும் வையுங்கள். பிள்ளைகளுக்குப் பர்மியம் தெரியும், அங்கிருந்து தமிழுக்கு வருவார்கள். மனப்பாட வசனம் மட்டும் உங்கள் சபையில் ஆராதனையில் வாசிக்கும் அந்தப் பழைய மொழியிலேயே இருக்கட்டும். இல்லாவிட்டால் பெரியவர்களோடு சேர்ந்து சொல்ல முடியாமல் பிள்ளைகள் தனியாக நிற்பார்கள்.

மின்னூலை அச்செடுத்து 50 பிள்ளைகளுக்குக் கொடுக்கலாமா? திருட்டு ஆகிவிடாதா?
– கோயில் நிர்வாகி, யாங்கூன்

இப்படிக் கேட்கத் தோன்றியதே பெரிது. திருமுறைப் பாடல்கள் யாருக்கும் தனி உடைமை இல்லை, தாராளமாக அச்செடுங்கள். உரை அப்படி இல்லை, உரை எழுதியவருக்கு உரிமை உண்டு. இந்தியச் சட்டப்படி ஆசிரியர் மறைந்து 60 ஆண்டுவரை அது நீடிக்கும். நாவலர் மறைந்தது 1879, அவர் நூல்களுக்குத் தடை இல்லை. தமிழ்நாடு அரசு நாட்டுடைமை ஆக்கிய நூல்களுக்கும் இல்லை. மதுரைத் திட்ட நூல்களை யாருக்கும் கொடுக்கலாம், தலைப்பக்கத்தை எடுக்காமல் அப்படியே கொடுக்க வேண்டும் என்பது ஒன்றுதான் அவர்கள் கேட்பது. அந்தப் பக்கத்தைத் தாள் மிச்சம் பிடிக்கக் கிழித்துவிடுகிறார்கள், எனக்கு அது மனதை அறுக்கும். ராத்திரி கண் விழித்துத் தட்டியவர்களின் பெயர் அதில் இருக்கிறது. இன்று கடையில் விற்கும் புத்தகத்தை யாரோ படம் பிடித்துக் குழுவில் போட்டால், அதை மட்டும் கோயில் பெயரில் அச்சடிக்க வேண்டாம். நம் நாட்டிலும் 2019இல் புதிய காப்புரிமைச் சட்டம் இயற்றியிருக்கிறார்கள்.

என் மகன் எதற்கெடுத்தாலும் செயற்கை நுண்ணறிவிடம் கேட்கிறான். பாட்டுக்குப் பொருளும் அதனிடமே கேட்டு எழுதிக்கொண்டு வருகிறான். விடலாமா?
– வாசகி, பெகு

பொருளுக்குக்கூட ஒரு துணையாக வைத்துக்கொள்ளட்டும், பாட்டு வரிக்கு மட்டும் வேண்டவே வேண்டாம். நான் ஒருமுறை சம்பந்தர் பதிகம் ஒன்றைக் கேட்டேன். நாலு அடி உடனே வந்தது. ஆலவாய், நீறு, உமை எல்லாம் இருந்தது, சந்தமும் ஏறக்குறைய இருந்தது, திருமுறை எண் பதிக எண்கூடப் போட்டிருந்தது. அந்த எண்ணில் போய்ப் பார்த்தால் இருந்தது வேறு பாட்டு. அந்த நாலு அடியையும் தளம் முழுக்கத் தேடினேன், எங்கேயும் இல்லை. சம்பந்தர் பாடாததைச் சம்பந்தர் பெயரில் ஒரு குழந்தை மனப்பாடம் செய்துவிட்டால் அப்புறம் அதை எப்படி அழிப்பது? நோட்டில் எழுதியதை அழிக்கலாம், வாயில் ஏறியதை அழிக்க முடியாது. அவனைத் திட்ட வேண்டாம் அம்மா. அது சொன்ன பதிலை எடுத்துக்கொண்டு வரச் சொல்லுங்கள், ஆதீன உரையைத் திறந்து இரண்டையும் பக்கத்தில் வைத்து எங்கே ஒத்துப்போகிறது எங்கே தப்பு என்று அவனையே கோடு போடச் சொல்லுங்கள். எங்கள் வகுப்பில் பெரிய பிள்ளைகளுக்கு இதையே பயிற்சியாகக் கொடுக்கிறேன், தப்பு கண்டுபிடிக்க அவர்களுக்குள் போட்டியே நடக்கிறது.

எனக்கு வயது 74. எழுதப் படிக்கத் தெரியாது, இதை என் பேத்தி எழுதுகிறாள். "மந்திரமாவது நீறு" என் அம்மா பாடக் கேட்டு எனக்குப் பாடம். பேத்தி போனில் ஓதுவார் பாடுவதைப் போட்டுக் காட்டினாள். மெட்டு வேறாக இருக்கிறது. இத்தனை வருடம் நான் தப்பாகப் பாடிவிட்டேனா தாயீ?
– டல்லாவிலிருந்து ஒரு பாட்டி

இல்லை ஆத்தா, இல்லவே இல்லை. ஓதுவார் பாடுவது அந்தப் பதிகத்துக்குரிய பண்ணில், காந்தாரம் என்று பெயர், அதைப் பல வருடம் உட்கார்ந்து கற்றுக்கொண்டு பாடுகிறார்கள். பேத்தி அதைக் கேட்கட்டும், பழகட்டும். உங்கள் அம்மா பாடியது வீட்டு மெட்டு. திருநீறு பூசிவிடும்போதும் பிள்ளைக்குக் காய்ச்சல் கண்ட ராத்திரியிலும் பாடிய மெட்டு அது. கப்பலில் வந்தவர்கள் புத்தகம் இல்லாமல் கொண்டுவந்தது அப்படித்தான். ஓதுவாரின் பாட்டு எத்தனையோ இடத்தில் பதிவாகி இருக்கிறது. உங்கள் அம்மாவின் மெட்டு உங்கள் தொண்டையைத் தவிர வேறெங்கும் இல்லை.

பேத்திக்கு ஒரு வார்த்தை. கண்ணு, உன் போனில் ஒலிப்பதிவு செய்யும் வசதி இருக்கிறது. மின்விசிறியை நிறுத்திவிடு, ஜன்னலைச் சாத்து, போனை ஆத்தாவின் முகத்துக்கு ஒரு முழம் தள்ளி ஒரு துணி மடிப்பின் மேல் வை. அந்தப் பதிகத்தின் பதினொரு பாட்டும் பாடச் சொல், நடுவில் நிறுத்தினாலும் மறந்தாலும் அப்படியே ஓடட்டும். முதலில் ஆத்தாவின் பெயர், அவர் அம்மாவின் பெயர், எந்த ஊர், என்றைக்குப் பதிவு செய்தது என்பதை உன் குரலிலேயே சொல்லிவிடு. ஒன்று உன் போனில், ஒன்று மெமரி கார்டில், ஒன்று உங்கள் கோயில் அலமாரியில். விடுமுறை வகுப்பு தொடங்கும்போது அதை உங்கள் சயாமாவிடம் கொடு, முதல் நாள் பிள்ளைகள் அதைக் கேட்கட்டும். எனக்கும் ஒரு பிரதி அனுப்பு.